ஓவியப் பாடவேளையால் 8ஆம் வகுப்பின் நடத்தை மாறுமா? எத்தனை வாரத்தில், எதை வைத்துச் சொல்வது?

வெள்ளி_ஏழாம்_பாடவேளை கேட்டது:

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளி, 8ஆம் வகுப்பு, 38 பிள்ளைகள். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வெள்ளிக்கிழமை மதியம் கடைசி இரண்டு பாடவேளையை (80 நிமிடம்) ஓவியத்துக்கு ஒதுக்கப் போகிறோம். விடுமுறைக்கு முன் இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. பகுதிநேர ஓவிய ஆசிரியர் வருகிற மூன்று அரை நாளில் வெள்ளி மதியமும் ஒன்று. அரையாண்டுத் தேர்வு வரைக்கும் செலவுக்கு 3,000 ரூபாய். தீபாவளி, மழை விடுமுறை எல்லாம் கழித்தால் 9 வெள்ளி தேறும்.

தலைமை ஆசிரியர் கேட்பது இதுதான்: "இதனால் பசங்க நடத்தை திருந்துமா? பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்டால் என்னத்தைக் காட்டுவது?" இப்போதைய சிக்கல்கள்: பக்கத்துப் பிள்ளையின் பொருளைப் பிடுங்குவது, போகிற போக்கில் முதுகில் ஒன்று வைப்பது, எதைக் கொடுத்தாலும் "எனக்கு வராது டீச்சர்" என்று நாலைந்து பேர் தாளைக் கவிழ்த்து வைப்பது, இரண்டு பேர் தாங்கள் வரைந்ததைத் தாங்களே கிழிப்பது.

எதில் தொடங்கலாம்? என்ன மாறும் என்று எதிர்பார்க்கலாம்? எப்படிக் கணக்கெடுப்பது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


கரித்துண்டு எழுதியது:

டீச்சர், தாளும் வண்ணமும் கொடுத்துவிட்டால் வகுப்பு அடங்கிவிடும் என்ற நம்பிக்கையில் இறங்காதீர்கள். சரியாக நடத்தாத ஓவிய வகுப்பு கணக்கு வகுப்பைவிட அதிகமாகச் சண்டை கிளப்பும். கையில் பொருள், பக்கத்தில் தண்ணீர், எழுந்து நடக்க அனுமதி, மூன்றும் ஒரே அறையில் சேர்கின்றன. பிள்ளையின் நடத்தையை மாற்றுவது அந்த 80 நிமிடத்தை நீங்கள் அடுக்குகிற விதம்தான்.

முதலில் பொருள். "பகிரக் கற்றுக்கொள்ளட்டும்" என்று முதல் வாரமே நாலு பேருக்கு ஒரு வண்ணப் பெட்டி கொடுப்பார்கள். பிடுங்குகிற வகுப்பில் அது பிடுங்கலுக்குக் கொடுக்கிற பயிற்சி. முதல் மூன்று வாரம் ஆளுக்கொரு பென்சில், ஆளுக்கொரு தாள், வேறு எதுவும் வேண்டாம். நாலாவது வாரத்திலிருந்து பகிர்தல். அதையும் நீங்களே திட்டமிட்டுக் கொண்டுவாருங்கள்: எட்டு குழுவில் நாலு பேர், இரண்டு குழுவில் மூன்று பேர், மொத்தம் பத்து வண்ணத் தட்டு. தட்டுக்கு இரண்டு தூரிகை. வரைகிற இருவரிடம் தூரிகை இருக்கும்போது மற்றவர்களுக்கும் வேலை இருக்க வேண்டும். ஒருவர் வண்ணம் கலப்பவர், இன்னொருவர் தாளைத் திருப்பிப் பிடித்து எந்த இடம் காலி என்று சொல்பவர். 8 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம். சும்மா காத்திருக்கிற பிள்ளைதான் முதுகில் அடிக்கும். அந்தக் காத்திருப்பை ஒழித்தாலே பாதி குறைந்துவிடும்.

3,000 ரூபாய்க்கு: ஏ4 தாள் ஒரு ரீம், 4பி பென்சில் நாலு டஜன், கார்ட்ரிட்ஜ் தாள் (தடித்த ஓவியத் தாள்) 20 முழு ஷீட் (22 × 30 அங்குல ஷீட்டை நான்காக வெட்டினால் ஆளுக்கு இரண்டு வரும்), போஸ்டர் கலர் 500 மில்லி பாட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை தலா ஒன்று, 8ஆம் எண் வட்டத் தூரிகை 20. மொத்த விலைக் கடையில் வாங்கினால் அடங்கிவிடும். பச்சையும் கறுப்பும் வாங்காதீர்கள். பச்சை கையில் இருந்தால் மரத்தை ஒரே இழுப்பில் முடித்துவிட்டு "முடிச்சிட்டேன் சார்" என்று எழுந்து சுற்றுவார்கள். மஞ்சளையும் நீலத்தையும் கலக்கச் சொன்னால் ஒரு மாமரத்துக்கு ஏழு பச்சை தேவைப்படும், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ மாட்டார்கள். கறுப்பு இருந்தால் எல்லாவற்றுக்கும் விளிம்புக் கோடு போட்டு வண்ணப் புத்தகமாக்கிவிடுவார்கள். அழிரப்பரும் முதல் நாலு வாரம் வேண்டாம். அழிக்க அழிக்கத் தாள் மயிர்விட்டு ஓட்டையாகும், ஓட்டையானதும் கசக்கல், கசக்கியதும் கிழிசல். உங்கள் இரண்டு பேரும் கிழிக்கிறார்கள் என்றால் முதலில் அழிரப்பரைத்தான் சந்தேகப்படுவேன். தப்பான கோடு அப்படியே இருக்கட்டும், சரியான கோட்டை அதன் பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.

"எனக்கு வராது" என்பதற்கு வருகிறேன். 12, 13 வயதில் பிள்ளையின் கண் வளர்ந்துவிடுகிறது, கை அந்த அளவுக்கு வளரவில்லை. தான் வரைந்த மாடு மாடு மாதிரி இல்லை என்பது ஐந்து வயதில் தெரியாது, இப்போது தெரிகிறது. பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான் என்பதும் தெரிகிறது. ஆகவே "அச்சு அசல்" என்பதே அளவாக இல்லாத வேலையில்தான் தொடங்க வேண்டும்.

முதல் வெள்ளி ஒவ்வொருவரும் தன் ஒற்றைச் செருப்பைக் கழற்றி மேசைமேல் ஒரு தாளில் வைக்கட்டும். பழைய நோட்டு அட்டையை உள்ளங்கையைவிடப் பெரிதாக வெட்டி, நடுவில் துளையிட்டு, பென்சிலை அதில் செருகிக் குடை மாதிரிப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் கை என்ன வரைகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. கண் செருப்பின் விளிம்பில் எறும்பு மாதிரி ஊர வேண்டும். கண் நகர்கிற வேகத்தில்தான் பென்சில் நகரலாம், கண் நின்றால் பென்சிலும் நிற்க வேண்டும். ஒரே கோடு, எடுக்கக் கூடாது, 5 நிமிடம். குதிகால் பக்கம் தேய்ந்து மழுங்கிய இடம், வார் துளைக்குள் நுழைகிற இடம், ஊக்கு போட்டுச் சேர்த்த இடம், எல்லாவற்றிலும் கண் ஏறி இறங்க வேண்டும். அட்டையை எடுத்துப் பார்த்தால் வார் ஒரு மூலையிலும் குதிகால் இன்னொரு மூலையிலும் கிடக்கும். 38 பேருடையதும் அப்படித்தான் இருக்கும். ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிக்க முடியாது. நன்றாக வரைகிற பிள்ளைக்கும் இதில் எந்த முன்னுரிமையும் இல்லை. இரண்டாவது முறை 7 நிமிடம், மூன்றாவது முறை 10.

மூன்றாவது வாரம் அதே செருப்பு, தாளைப் பார்த்து வரையலாம், 25 நிமிடம். முதல் வாரத் தாளைப் பக்கத்தில் வையுங்கள். "எனக்கு வராது" என்பதற்கு நீங்கள் வாயால் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

இதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும்: தாள் எதுவும் வீட்டுக்குப் போகக் கூடாது. சார்ட் தாளை இரண்டாக மடித்து ஆளுக்கொரு உறை, தேதி போட்டு 9 வாரமும் அதிலேயே இருக்கட்டும். கிழிக்க வேண்டும் என்று வருபவனைத் தடுக்காதீர்கள். "இன்னைக்கு உறையில வை, அடுத்த வெள்ளி வந்தும் கிழிக்கணும்னு தோணுச்சுன்னா கிழிச்சு ஒட்டுப்படப் பெட்டியில போடு" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போடுவதுதான் அங்கே கற்றுக்கொடுக்கிற பாடம்.

பாராட்டும்போது "சூப்பர்", "அழகு" இரண்டும் வேண்டாம். "வார் நுழையுற இடத்துல கோட்டை அழுத்தியிருக்கே" என்று கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். தன்னுடையதை ஒருவர் உண்மையில் பார்த்திருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியும். "சூப்பர்" கிடைக்காதவன் கோபித்துக்கொண்டு போவதும் நின்றுவிடும்.


அளவுகோல் எழுதியது:

கரித்துண்டு சார் வகுப்பறைப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். தலைமை ஆசிரியருக்கு என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதை நான் எழுதுகிறேன்.

நடத்தை பற்றிய நம்பத்தக்க ஆய்வு ஒன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் நடந்தது. டேனியல் போவன், பிரையன் கிசிடா இருவரும் 2019இல் வெளியிட்டார்கள். 42 பள்ளிகள், 10,548 மாணவர்கள். எந்தப் பள்ளிக்குக் கூடுதல் கலைக் கல்வி என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். ஏற்கெனவே நன்றாக நடக்கும் பள்ளி கலையையும் நன்றாக நடத்தும் என்ற குழப்பம் அதனால் இல்லை. கலை கிடைத்த பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான மாணவர்களின் விகிதம் 3.6 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. எழுதும் திறனுக்கான தேர்வில் திட்டவிலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 13 விழுக்காடும், மற்றவர்மேல் பரிவு என்ற அளவீட்டில் 8 விழுக்காடும் உயர்வு. இந்த எண்களைக் கவனியுங்கள்: மாற்றம் நிஜம், ஆனால் சிறியது. நூறு பேரில் மூன்று நான்கு பேர். உங்கள் 38 பேரில் ஒன்று அல்லது ஒன்றரைப் பிள்ளை. "வகுப்பே தலைகீழாக மாறும்" என்று மேலாண்மைக் குழுவில் வாக்குக் கொடுத்தால் டிசம்பரில் மாட்டிக்கொள்வீர்கள்.

"ஓவியம் வரைந்தால் கணக்கு மதிப்பெண் ஏறும்" என்பதையும் வாயில் எடுக்காதீர்கள். எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் இருவரும் 2000இல் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கலை வகுப்பால்தான் பொதுவான மதிப்பெண் ஏறுகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. மொசார்ட் இசை கேட்டால் மூளை வளரும் என்ற பேச்சும் 1993இல் 36 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஒரு சோதனையிலிருந்து ஊதிப் பெருத்ததுதான்; அதில் வந்த விளைவே சில நிமிடத்துக்குத்தான் இருந்தது. மதிப்பெண்ணைச் சொல்லிப் பாடவேளை வாங்கினால், மதிப்பெண் ஏறாத அன்று பாடவேளையும் போய்விடும்.

நிர்வாகத்துக்குக் காட்டச் சட்டமே இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், 6 முதல் 8 வரை வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டதும் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும்தான். கலை என்பது சலுகை என்ற பேச்சு எழுந்தால் இதைச் சொல்லுங்கள்.

இனி கணக்கெடுப்பு. உங்களுக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது, அதில் கடைசி வாரம் காலாண்டுத் தேர்வு. மீதி மூன்று வாரத்தை வீணாக்காதீர்கள். தொடங்குமுன் எண்ணி வைக்காவிட்டால் பிறகு எதை எண்ணினாலும் பயனில்லை.

"ஒழுக்கம்", "மனப்பான்மை" என்றெல்லாம் எண்ண முடியாது. கண்ணுக்குத் தெரிவது நாலு போதும்: கேட்காமல் அடுத்தவர் பொருளை எடுத்தது, கை அல்லது கால் இன்னொருவர்மேல் பட்டது, "தொடங்குங்கள்" என்று சொன்னதிலிருந்து 30 பேர் தொடங்க ஆன நிமிடம், வேலையைக் கைவிட்டது (கவிழ்த்தது, கிழித்தது, வெறுமனே வைத்தது). வாரம் இரண்டு நாள், ஒரே நேரம், 10 நிமிடம், கோடு போட்டு எண்ணுங்கள். இதை ஓவிய வகுப்பில் எண்ணுவதைவிட சமூக அறிவியல் மாதிரி வேறொரு வகுப்பில் எண்ணுவது முக்கியம். ஓவிய வகுப்பில் பிள்ளை நன்றாக இருந்தால் அந்த வகுப்பு பிடித்திருக்கிறது என்று பொருள். செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையிலும் பிடுங்கல் குறைந்தால்தான் அது நடத்தை மாற்றம்.

ஒரு நாளாவது இரண்டு ஆசிரியர் தனித்தனியே எண்ணிப் பாருங்கள். ஒருவர் 9, இன்னொருவர் 4 என்றால் வரையறை தளர்ந்திருக்கிறது. "விளையாட்டாகத் தட்டினால் சேருமா?" என்பதைப் பேசி முடிவு செய்யுங்கள். முடிந்தால் ஓவியம் இல்லாத 7ஆம் வகுப்பிலும் அதே நாலை எண்ணுங்கள். மழை, தேர்வு நெருக்கம், தீபாவளிக் கிளர்ச்சி எல்லாம் இரண்டு வகுப்பையும் ஒரே மாதிரி ஆட்டும். அதைக் கழித்துப் பார்க்க அந்த எண் உதவும்.

பெரும்பாலோர் விழுகிற குழி இது: மிக மோசமான வாரத்தில் அலுத்துப்போய் "கலை தொடங்குவோம்" என்று தொடங்குவார்கள். மோசமான வாரத்துக்கு அடுத்த வாரம் எப்படியும் கொஞ்சம் தணியும். அந்தத் தணிவைக் கலையின் கணக்கில் எழுதிவிடுவார்கள். இதேபோல முதல் இரண்டு மூன்று வெள்ளி புதுமையாலேயே அமைதியாக இருக்கும், நாலாவது ஐந்தாவதில் பழைய எண் திரும்பி வரும். அங்கே மனம் தளர்ந்து நிறுத்திவிடாதீர்கள். 7ஆம் வாரத்துக்கு மேல் வருகிற எண்ணைத்தான் பேச்சில் எடுக்க வேண்டும்.


திரைச்சீலை (யாழ்ப்பாணம்) எழுதியது:

வணக்கம் ரீச்சர். இலங்கைப் பாடசாலைகளில் தரம் 6 தொடக்கம் 9 வரை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்ற அழகியற் பாடங்களில் ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் கட்டாயம் எடுக்க வேண்டும். ஆகவே "கலை வேண்டுமா" என்ற கேள்வி இங்கே குறைவு, "எந்தக் கலை எதைச் செய்யும்" என்பதே அடிக்கடி கதைபடும். அடித்தல், பிடுங்குதல், ஒருவரை ஒதுக்கி வைத்தல் ஆகியவைதான் உங்கள் பிரச்சினை என்றால் ஒன்பது வெள்ளியில் இரண்டை நாடகத்துக்குக் கொடுங்கள் என்பதே என் அபிப்பிராயம். 2012இல் தாலியா கோல்ட்ஸ்டீனும் எலன் வின்னரும் செய்த ஆய்வில், ஒரு வருடம் நடிப்புப் பயின்ற பிள்ளைகளின் பரிவுணர்வு மற்றக் கலைகளைப் பயின்ற பிள்ளைகளை விடக் கூடியிருந்தது. இன்னொருவராக நின்று பார்ப்பதே அங்கு வேலை.

பிரேசிலின் நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கு வகுப்பறைக்கு நன்றாகப் பொருந்தும். 5, 6 நிமிடக் காட்சி ஒன்று: ஒரு பிள்ளையின் கொம்பாஸ் பெட்டியை இருவர் பறித்து மாறி மாறி எறிகிறார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஆசிரியர் வரும்போது பெட்டியைப் பறிகொடுத்த பிள்ளையே ஏச்சு வாங்குகிறது. காட்சி அப்படியே, தீர்வில்லாமல் முடிய வேண்டும். இரண்டாம் முறை நடிக்கும்போது பார்த்துக்கொண்டிருக்கும் எவரும் "நில்" என்று சொல்லி மேடைக்கு வந்து, பறிகொடுத்த பிள்ளையின் இடத்தையோ சும்மா நின்றவரின் இடத்தையோ எடுத்து வேறு விதமாகச் செய்து பார்க்கலாம். பறித்தவரின் இடத்தை மட்டும் மாற்றக் கூடாது. "நான் பறிக்க மாட்டேன்" என்று ஒருவர் வந்து நின்றால் காட்சியே முடிந்துவிடும், ஒருவரும் ஒன்றும் படிக்க மாட்டார்கள்.

பிழைபடும் இடங்களைச் சொல்கிறேன். வகுப்பில் நேற்று நடந்த சண்டையை அப்படியே காட்சியாக்கினால், அடி வாங்கிய பிள்ளை இரண்டாம் தரமும் எல்லோர் முன்னும் அடி வாங்கும். மூன்று சம்பவங்களைக் கலந்து, இடத்தை மாற்றி (பஸ் தரிப்பிடம், தண்ணீர்க் குழாயடி), பெயரை மாற்றிச் செய்யுங்கள். உண்மையில் அடிக்கிற பிள்ளைக்கு அடிக்கிற பாத்திரம் கொடுக்காதீர்கள். கைதட்டல் கிடைத்தால் அது அவனுக்குப் பரிசாகிவிடும். பாத்திரத்துக்கு அடையாளமாகத் தோளில் ஒரு துவாய் போடுங்கள். காட்சி முடிந்ததும் துவாயைக் கழற்றி நிலத்தில் வைத்து, ஒவ்வொருவரும் தன் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் இருக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் பாத்திரத்தின் பெயர் பட்டப்பெயராக வருடம் முழுக்க ஒட்டிக்கொள்ளும்.

மேசை தள்ளி இடம் எடுக்கவே 6, 7 நிமிடம் போகும். 80 நிமிடத்தில் ஒரு காட்சிக்கு மேல் திட்டமிடாதீர்கள்.


வெள்ளி_ஏழாம்_பாடவேளை எழுதியது:

மூவருக்கும் நன்றி. எண்ணிக்கைத் தாள் இன்றே போட்டுவிட்டேன். மூன்று சந்தேகம்.

ஒன்று, ஒவ்வொரு வெள்ளியும் சிறந்த படத்துக்குப் பரிசு கொடுக்கலாமா? கலைத் திருவிழாவுக்கு (அரசு நடத்தும் பள்ளிக் கலைப் போட்டி) ஆள் தேர்ந்தெடுக்க வசதியாக இருக்கும் என்கிறார் தலைமை ஆசிரியர். இரண்டு, சண்டை போட்டவர்களை அன்று ஓவியத்துக்கு விடாமல் கணக்கு செய்ய வைக்கலாம் என்று ஒரு யோசனை. மூன்று, இரண்டு மூன்று பையன்கள் எப்போதும் கத்தி, ரத்தம், தலை வெட்டுவது என்றே வரைகிறார்கள். அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?


அளவுகோல் எழுதியது:

பரிசைப் பற்றி. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட சோதனை உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில். படம் வரைய ஏற்கெனவே ஆசையுள்ள 51 மழலைப் பள்ளிக் குழந்தைகள். ஒரு பிரிவுக்கு "வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் வரைந்து முடித்த பின் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து விருப்பப்படி விளையாட விட்டபோது, முன்கூட்டியே பரிசு சொல்லப்பட்டவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதி. எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. வாராவாரம் பரிசு என்று அறிவித்தால் 38 பேரில் நாலு பேர் மட்டும் மாறி மாறி வாங்குவார்கள், மற்ற 34 பேருக்கு அந்த வகுப்பு இன்னொரு ரேங்க் பட்டியல். "எனக்கு வராது" என்பதை வாராவாரம் சான்றிதழோடு உறுதிப்படுத்துகிற வேலை அது.


கரித்துண்டு எழுதியது:

சான்றிதழ் விஷயத்தில் சாரோடு உடன்படுகிறேன், ஆனால் கலைத் திருவிழாவை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். 2022-23இலிருந்து நடக்கிறது, "கலையரசன்", "கலையரசி" பட்டம் வரை போகிற வழி அரசுப் பள்ளிப் பிள்ளைக்குத் திறந்திருப்பது சின்ன விஷயம் இல்லை. அதற்கான பயிற்சியை வெள்ளி மதியத்தோடு கலக்க வேண்டாம், அவ்வளவுதான். விருப்பமுள்ளவர்களுக்கு மதிய உணவு இடைவேளையிலோ மாலையிலோ தனியாக வையுங்கள். வெள்ளி 38 பேருக்கும் உரியது.

இரண்டாவது யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். சண்டை போடுகிற பிள்ளைக்காகத்தான் இதைத் தொடங்குகிறீர்கள். அவனையே வெளியே நிறுத்தினால் 9 வாரம் கழித்து அடங்கியிருந்தவர்களின் எண்ணிக்கைதான் உங்கள் கையில் இருக்கும். அதோடு, கணக்கு தண்டனை என்ற பாடமும் சேர்ந்து போகும். வண்ணத்தை ஒருவர்மேல் எறிந்தால் அன்றைக்கு அந்த வண்ணத் தட்டு மட்டும் அவனுக்குக் கிடையாது, பென்சிலும் தாளும் எப்போதும் உண்டு. எதை உடைத்தானோ அதோடு மட்டும் விளைவு நிற்க வேண்டும். கணக்கு ஆசிரியர் "இந்த வெள்ளி மட்டும் கொடுங்க, போர்ஷன் முடிக்கணும்" என்று கேட்பதற்கும் இப்போதே பதில் தயாராக இருக்கட்டும். ஒரு வெள்ளி போனால் உறைக்குள் பாதியில் நிற்கிற வேலை இரண்டு வாரம் காயும், பிள்ளை அதைத் தொடாது.


களிமண் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு. கறுப்பு பூசினால் சோகம், சிவப்பு பூசினால் கோபம், பல் வரைந்தால் வன்முறை என்று பட்டியல் போட்டுப் படம் படிக்கிற பழக்கத்துக்கு ஆதாரம் கிடையாது. 13 வயதுப் பையன் கத்தி வரைவதற்கு நேற்றுப் பார்த்த படமோ போனில் ஆடிய விளையாட்டோ போதும். தனியாகப் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல என்ன நடக்குது? எதைப் பார்த்து அப்படிச் சொல்றே? இன்னும் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். இது அபிகெய்ல் ஹௌசன், பிலிப் யெனவைன் இருவரும் படம் பார்ப்பதற்கு வகுத்த மூன்று கேள்வி. சித்தன்னவாசல் விதானத்துத் தாமரைக் குளத்தைப் பெரிதாகக் காட்டி வகுப்பு முழுவதையும் இதே மூன்றால் 15 நிமிடம் பேச வைக்கலாம். பூப்பறிப்பவர், யானை, மீன், பறவை என்று ஆளுக்கொன்று கண்டுபிடிப்பார்கள். இரண்டாவது கேள்வி பழகிவிட்டால் சண்டையின்போதும் கைகொடுக்கும்: "எதைப் பார்த்து அவன்தான் எடுத்தான்னு சொல்றே?"

பிள்ளை கதையாகச் சொன்னால் கதை. தனக்கோ வீட்டில் ஒருவருக்கோ உண்மையில் நடப்பதாகச் சொன்னாலும், தன்னையே காயப்படுத்திக்கொள்வதுபோல் பேசினாலும், அது ஓவிய ஆசிரியர் தீர்க்கிற விஷயம் இல்லை. துருவிக் கேட்காமல், சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிவைத்து அன்றே தலைமை ஆசிரியரிடம் போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டாதீர்கள், ஆசிரியர் அறையில் சுற்றுக்கும் விடாதீர்கள்.

கரித்துண்டு சாரிடம் ஒரு மாற்றுக் கருத்து. கிழிக்கிற பிள்ளைக்குப் பென்சிலைவிட மண் நல்ல தொடக்கம். வெற்றுத் தாள் மிரட்டுவதுபோல் மண் உருண்டை மிரட்டாது. பிடிக்காவிட்டால் பிசைந்து மறுபடி செய்யலாம், அழித்தது அழிவாகத் தெரியாது. ஆளுக்கு 400 கிராம், சாத்துக்குடி அளவு. 38 பேருக்கு 16 கிலோ, மிதித்துப் பக்குவமாக்கிய மண்ணாகக் குயவரிடமே வாங்கிவிடுங்கள். ஈரச் சாக்கில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் இரண்டு வாரம் தாங்கும். கை, கால், காது ஒட்டும் இடத்தை இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, நீர்த்த மண்குழம்பு தடவி அழுத்த வேண்டும். சும்மா ஒட்டினால் காய்ந்ததும் உதிரும், அடுத்த வெள்ளி "யாரோ உடைச்சிட்டாங்க" என்று ஒரு சண்டை உறுதி. கட்டைவிரல் தடிமனுக்கு மேல் எங்கும் வேண்டாம், உள்ளே காயாமல் வெடிக்கும். வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் ஒரு வாரம் ஆகும். எறிவார்களா என்றால், எறிவார்கள். உருண்டையைக் கொடுத்துவிட்டு விளக்கம் சொன்னால் விளக்கம் முடிவதற்குள் எறிந்திருப்பார்கள். விளக்கத்தை முடித்துவிட்டு, பிறகு கொடுங்கள்.


வெள்ளி_ஏழாம்_பாடவேளை எழுதியது:

பரிசும் தண்டனையும் இல்லை என்று தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டேன், ஒப்புக்கொண்டார். மண்ணை 2ஆம் வெள்ளிக்கு வைத்துக்கொள்கிறோம். ஒரே இடைஞ்சல், எங்கள் கட்டடத்தில் குழாய் ஒன்றுதான்.


களிமண் எழுதியது:

அப்படியானால் அதை முதலில் தீர்த்துவிடுங்கள். ஒரு ஆள் கை கழுவ 20 விநாடி என்றாலும் 38 பேருக்கு 13 நிமிடம் ஆகும். மணியடிக்க 5 நிமிடம் இருக்கும்போது விட்டால் உங்கள் எண்ணிக்கைத் தாளில் பாதிக் கோடு அந்த வரிசையில்தான் விழும். 60ஆவது நிமிடத்தில் வேலையை நிறுத்துங்கள். அறைக்குள்ளேயே மூன்று வாளி. முதல் வாளியில் மண் கையை முக்கித் தேய்ப்பது, இரண்டாவதில் அலசுவது, பிறகு பழைய வேட்டித் துணியில் துடைப்பது. குழுக் குழுவாக அனுப்புங்கள். காத்திருக்கிற குழு தன் மேசையைத் துடைத்துத் தட்டை எண்ணி வைக்கட்டும். முதல் வாளியை அன்றே கவிழ்க்காதீர்கள். திங்கள் காலை மண் அடியில் படிந்திருக்கும். மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, படிந்ததைச் சாக்கில் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். குழாயடியில் கொட்டினால் ஒரே மாதத்தில் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொள்ளும். மூன்றாவது வாளி 4ஆம் வாரத்திலிருந்து தூரிகைக்கு மட்டும். அலசிய தூரிகையைத் தண்ணீரில் நிற்க வைக்காமல் தட்டில் படுக்க வைத்து உலர்த்துங்கள், முடி வளையாது.